ஒரு நூல்

லோரன் ஹேகெமாவைப் புதைக்கப் போன அன்று
உட்வர்ட் அவென்யூவில் நாற்பத்தொரு கெஸ்ட்ரல்கள் வந்தன.
ஆரஞ்சு, கத்தரிப்பூ ஊதா, எலுமிச்சை மஞ்சள்.
முன்னால் சவ ஊர்தி மெல்ல உருள
பின்னால் அத்தனை எஞ்சின்களும்
பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தன.
முதல் கியரில் போகப் பிறந்தவை அல்ல அவை.

பேசியவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.
முன்சக்கரத்துக்கு மேலே கிளம்பி
கதவின் மீது இளைத்து
பின்சக்கரத்தின் தோளில் சட்டென்று நிமிரும் கோடு.
பதுங்கும் சிறுத்தை என்றார் ஒருவர்.
மிச்சிகன் ஏரியின் நவம்பர் அலை என்றார் இன்னொருவர்.
இல்லை, கிராண்ட் ராப்பிட்ஸில் ஒரு நடனக்காரி இருந்தாள் என்று
கண்ணடித்தார் பழைய விற்பனை மேலாளர்.
பாதிரியார் இருமினார்.

என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்கு அந்தக் கோடு வெறும் தகடு.
ஃபிளின்ட் ஆலை, மூன்றாம் ஷிப்ட், ஏழாம் எண் பிரஸ்.
இரவுக்கு அறுநூறு முறை பார்த்திருக்கிறேன்.
மடிப்பு அவ்வளவு கூர்மை,
பத்தில் ஒரு தகடு விரிசல் விட்டது.
வளைவை ஒரு நூல் தளர்த்துங்கள்,
ஒரே ஒரு நூல், என்று எழுதிக் கேட்டோம்.
முடியாது என்று பதில் வந்தது,
அழகான கையெழுத்தில்.

அந்த வாரம்தான்
கஸிமிர் ப்ரோஸெக்கின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.
அதற்கும் கோட்டுக்கும் சம்பந்தம் உண்டா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
தூக்கமில்லாமல் இருந்தான். நாங்கள் எல்லோருமே.
வசந்தத்தில் அவனே ஒரு கெஸ்ட்ரல் வாங்கினான், கடனில்.
மூன்று விரலால் கியர் மாற்றிக் காட்டினான்.
பைத்தியமா உனக்கு என்றேன்.
பாருடா அதை, என்றான்.
பார்த்தேன்.
பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

மகள் வில்லா விருதுகளைப் பற்றிப் பேசவில்லை.
அப்பாவின் கீழ் இழுப்பறையில் ஒரு காலணிப் பெட்டி, என்றாள்.
உள்ளே கடிதங்கள்.
சிக்னலில் பச்சைக்காக உறுமிக் காத்திருந்து
பிறகு வீடு திரும்பாத பையன்களின்
வீடுகளிலிருந்து வந்தவை.
திட்டியவை மூன்றோ நான்கோ.
மற்றவர்கள் கேட்டது நிறத்தின் பெயரை.
மலர்வளையத்துக்கு அதே நிறத்தில் நாடா வேண்டுமாம்.
அப்பா ஒவ்வொருவருக்கும் பெயின்ட் எண்ணை எழுதி அனுப்பினார்,
அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல்.
நகல்கள் எல்லாம் இருக்கின்றன.
எல்லாம் ஒற்றை வரி.

அவர் வேலைக்குப் போய்வந்தது
சாம்பல் நிற ஸ்டேஷன் வேகனில்,
என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.
யாரும் கைதட்டவில்லை. தட்டும் இடமும் அல்ல.

மண் போட்டு முடிந்து எல்லோரும் கிளம்ப
ஒரு ஆரஞ்சு வண்டி மட்டும் மறுத்தது.
ஆன் ஆர்பர் பல் டாக்டர் ஒருவருடையது.
சாவி திருகத் திருக முனகியது.
கல்லறை வாசலில் லேசான மேடு.
தள்ளுங்கள், என்று யாரோ சொல்ல
எழுபத்தாறு வயதில் நானும் குனிந்தேன்.

காரைத் தள்ளும்போது கையை எங்கே வைப்பது?
யோசிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.
பின்சக்கரத் தோளில், கோடு நிமிரும் இடத்தில்.
உள்ளங்கை அங்கே வழுக்காமல் நின்றது.
பழக்க தோஷம், பெருவிரல் மடிப்பை வருடியது,
விரிசல் இருக்கிறதா என்று.
இல்லை.
எதிர்ப்பக்கத் தோளில் கஸிமிரின் மூன்று விரல்கள்.
வில்லா குதிகால் செருப்பைப் புல்லில் கழற்றி எறிந்துவிட்டு
எங்கள் நடுவே வந்து முதுகைக் கொடுத்தாள்.

மேடு தாண்டியதும் பிடித்துக்கொண்டது.
ஐந்து பேர் மீதும் கரும்புகை.
டாக்டர் ஜன்னல் வழியே கையசைத்தபடி
சாலையில் இறங்கினார்.
முதல் சிக்னல் சிவப்பு.
நின்றது வண்டி, உறுமிக்கொண்டு.

நாங்கள் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கியபடி
பச்சை விழுவதையே பார்த்திருந்தோம்.